சொல்லின் இனமும் சொல்லின் இடமும்

1880-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அயர்லாந்து தேசத்தின் மேற்கேயுள்ள மேயோ மாவட்டத்தில், எர்ன் பிரபு என்னும் நிலச்சுவான்தாருக்குக் காரியஸ்தராயிருந்து குத்தகைப் பணம் வசூலித்து வந்த சார்லஸ் பாய்காட் என்பவர், குத்தகையைக் குறைத்துக்கொள்ளும்படி வேண்டிய குடியானவர்களுக்கு இணங்காமல், அவர்களை நிலத்தை விட்டு வெளியேற்றுவதற்குரிய நோட்டீசுகளை அனுப்பத் தலைப்பட்டார். ஐரிஷ் நிலச் சங்கத்தின் தலைவர் பார்னெல் அந்தச் செப்டம்பர் மாதத்தில்தான் என்னிஸ் என்ற ஊரில் ஆற்றிய பிரசங்கத்தில், அநியாயமாய் வெளியேற்றப்பட்டவனுடைய நிலத்தைப் பெற்றுக்கொள்பவனை யாரும் அடிக்க வேண்டாம், ஊரார் அவனோடு பேச்சும் கொடுக்கல் வாங்கலும் அறவே நீங்கி ஒதுங்கினால் போதும் என்று உபதேசித்திருந்தார். அந்த உபதேசம் இப்போது காரியஸ்தர் மீதே பிரயோகமாயிற்று. அறுவடைக்கு ஆள் வரவில்லை; கடைக்காரர் சாமான் கொடுக்க மறுத்தார்; கொல்லன் வேலையை நிறுத்தினான்; சலவை செய்யும் பெண் துணி எடுக்க வரவில்லை; தபால் கொண்டுவருபவனும் நின்றுவிட்டான். வடக்கேயிருந்து ஐம்பது ஆட்களைத் தருவித்து, அவர்களுக்குக் காவலாகப் பெரும் பட்டாளத்தையும் நிறுத்திப் பயிரை அறுத்து முடித்தபோது, காவலுக்கான செலவு பயிரின் விலையைப் பன்மடங்கு மிஞ்சியிருந்தது. வருஷம் முடிவதற்குள், அந்த மனிதருடைய குடும்பப் பெயர் ஆங்கிலப் பத்திரிகைகளில் ஒரு வினைச்சொல்லாக நடமாடத் தொடங்கிவிட்டது.

ஒரு மனிதரின் பெயர் வினைச்சொல்லாவதற்கு ஆங்கில பாஷை எந்தச் சடங்கும் செய்யவில்லை. புதிய விகுதி ஒன்றும் ஒட்டவில்லை. 'செய்' என்றோ 'ஆக்கு' என்றோ துணைக்கு ஒரு வினை வரவில்லை. பெயர் அப்படியே வாக்கியத்தில் வினை நிற்க வேண்டிய ஸ்தானத்தில் வந்து நின்றது. இறந்தகாலம் வேண்டியபோது இறந்தகால விகுதியை ஏற்றுக்கொண்டது. பிறகு அந்தச் செயலையே குறிக்கும் பொதுப்பெயராகவும் நின்றது. 1905-இல் வங்காளம் துண்டாடப்பட்டபோது சுதேசி இயக்கத்தார் அந்நியச் சரக்குகளின்மீது ஏவிய ஆயுதமும், அதைத் தமிழில் நம் முன்னோர் 'பகிஷ்காரம்' என்று மொழிந்துகொண்டதும் அந்த மேயோ மாவட்டத்துக் காரியஸ்தரின் பெயரோடு உறவுடையவை. ஆசாமி ஒருவரின் பெயராயிருந்தது வினையாகி, வினை மறுபடியும் பெயராகி, தேசங்களைக் கடந்து சென்ற இந்தச் சரித்திரத்தை நான் முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தைக் கற்பிக்கும் நம்முடைய வகுப்பறைகளில், ஒவ்வொரு சொல்லும் பிறவியிலேயே ஏதோ ஒரு வகுப்பைச் சேர்ந்தது என்றும், அந்த வகுப்பின் பெயரை மனப்பாடம் செய்துவிட்டால் சொல்லை அறிந்ததாகும் என்றும் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அது ஆங்கிலத்தின் சுபாவத்துக்கே விரோதமானது என்பதும், அதனால் நம் பிள்ளைகள் அடையும் நஷ்டம் சிறிதன்று என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

'ரவுண்ட்' என்ற எளிய சொல்லையே பாருங்கள். குத்துச்சண்டையின் நான்காவது 'ரவுண்ட்' என்னும்போது அது பெயர். 1930-க்கும் 1932-க்கும் இடையே லண்டனில் மும்முறை கூடிய வட்டமேஜை மகாநாட்டின் ஆங்கிலப் பெயரில் அதே சொல் மேஜைக்கு அடைமொழி. கப்பல் ஒரு முனையைச் சுற்றிச் சென்றது என்று சொல்லப் புகுந்தால் அதுவே வினை. ஒருவன் தலையைத் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்த்தான் என்னும் இடத்தில் வினைக்கு அடை. நெருப்பைச் சுற்றிலும் அமர்ந்தார்கள் என்பதில், நாம் வேற்றுமையுருபுக்கும் சொல்லுருபுக்கும் விட்டுவிடுகிற காரியத்தை அது செய்கிறது. ஐந்து தொழில்கள்; எழுத்தில் ஓர் அணுவளவும் மாற்றமில்லை. 'ரவுண்ட் எந்த வகைச் சொல்?' என்று தனியே நிறுத்தி ஒரு மாணவனைக் கேட்டால், அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. கேள்வி கேட்டவர்தான் வாக்கியத்தைக் கொடுக்கத் தவறியவர்.

ஆதியில் ஆங்கிலம் இவ்வாறு இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் அன்பைக் குறிக்கும் பெயர் 'லுஃபு'; அன்பு செய்தலைக் குறிக்கும் வினை 'லுஃபியன்'. பெயருக்கு வேற்றுமை விகுதிகளும் வினைக்கு இடமும் எண்ணும் காட்டும் விகுதிகளும் தனித்தனியே அமைந்திருந்தபடியால், ஒன்றை மற்றொன்றாக யாரும் மயங்க வழியில்லை. ஆனால் அந்த பாஷையில் அழுத்தம் முதல் அசையில் விழுந்தது. கடைசி அசைகள் நாளடைவில் மங்கின. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரோடு அன்றாடம் பேச நேர்ந்ததும், வேர்கள் ஒத்து விகுதிகள் வேறுபட்ட இரு பாஷைகள் கலந்ததும் அந்த மங்கலைத் துரிதப்படுத்தின என்று பலர் கருதுகின்றனர். 1066-இல் நார்மானியர் வெற்றி பெற்றபின் அரசவையின் பேச்சும் சட்டத்தின் பேச்சும் பிரெஞ்சாகிவிட, ஆங்கிலம் சில தலைமுறைகளுக்குக் குடியானவர் நாவிலேயே வளர்ந்தது. விகுதிகளைக் காத்துநிற்கும் பண்டிதர் கை அதன்மீது அப்போது இல்லை. 1400-இல் காலமான சாஸர் கவியின் செய்யுளில் சொல்லிறுதி உயிர் இன்னும் தேவைக்கேற்ப ஒலிக்கிறது. அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் அதுவும் போயிற்று. பெயரும் வினையும் ஒரே 'லவ்' ஆயின.

பிரெஞ்சிலிருந்து வந்து குவிந்த சொற்களுக்கும் இதே கதிதான். கூக்குரலைக் குறிக்கும் 'கிரை', ஐயத்தைக் குறிக்கும் 'டவுட்', மாறுதலைக் குறிக்கும் 'சேஞ்ச்' ஆகியவை பிரெஞ்சில் பெயருக்கு ஒன்றும் வினைக்கு ஒன்றுமாக வேறு வேறு வடிவங்கள் உடையவை, ஆங்கிலக் கரையில் இறங்கியபின் வினையின் விகுதி உதிர்ந்தது, இரண்டும் ஒன்றாயின. இப்படி ஆயிரக்கணக்கான இணைகள் தாமாகவே உருவாகிக் கண்முன் நின்றபோது, பெயரை வினையாகவும் வினையைப் பெயராகவும் எடுத்தாளலாம் என்பது ஆங்கிலேயருடைய நாவுக்கு ஒரு நியதியாகவே படிந்துவிட்டது. விகுதிகளை இழந்த பாஷை, யார் செய்தான், யாரைச் செய்தான் என்பதைக் காட்டுவதற்குச் சொற்களின் வரிசையைப் பற்றிக்கொண்டது. 'இராமன் இராவணனைக் கொன்றான்' என்பதை நாம் எந்த வரிசையில் மாற்றிச் சொன்னாலும் கொல்லப்பட்டவன் இராவணனே. ஆங்கிலத்தில் பெயர்களை இடம் மாற்றினால் இராமன் மாண்டுபோவான். செய்பவனையும் செயப்படுபவனையும் இடமே நிர்ணயிக்கிற பாஷையில், பெயரையும் வினையையும் இடமே நிர்ணயிப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

பழைய வேற்றுமையின் தழும்புகள் சில இன்றும் உச்சரிப்பில் மிஞ்சியிருக்கின்றன. வீட்டைக் குறிக்கும் 'ஹவுஸ்' என்ற பெயரின் இறுதியொலி காற்றொலியாகவும், வீட்டில் இடம் கொடுத்தலைக் குறிக்கும் அதே எழுத்துள்ள வினையின் இறுதியொலி அதிரும் ஒலியாகவும் இருப்பதற்குக் காரணம், பழங்காலத்தில் வினையில் அந்த மெய்யெழுத்து இரண்டு உயிர்களுக்கு நடுவே நின்றதுதான். உயிர்கள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியும் அவற்றின் நடுவே நின்ற மெய் தன் அதிர்வை இழக்கவில்லை. 'யூஸ்' என்ற சொல்லிலும் பெயருக்கு ஓர் ஒலி, வினைக்கு ஓர் ஒலி. அழுத்தத்தால் பிரிந்து நிற்கும் சொற்களும் உண்டு. 'ரெக்கார்ட்' என்பதை முதலசையை அழுத்திச் சொன்னால் பதிவு என்ற பெயர். இரண்டாம் அசையை அழுத்தினால் பதிவு செய்தல் என்ற வினை. இவ்வகையில் பிரிந்தவை 1570-ஆம் ஆண்டளவில் மூன்றே சொற்கள் என்றும், 1934-க்குள் அவை ஏறக்குறைய 150 ஆகப் பெருகிவிட்டன என்றும் ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். விகுதியால் காட்ட முடியாததை அழுத்தத்தால் காட்ட அந்த பாஷை நானூறு ஆண்டுகளாக மெல்ல மெல்ல ஒரு வழி தேடிக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் மனங்கவர்ந்த விஷயம். நம் ஊர்களில் ஆங்கிலம் பேசும் பலர் இந்த அழுத்த வேற்றுமையைக் காட்டுவதேயில்லை. எழுத்தைப் பார்த்தே கற்றதன் விளைவு அது.

பெயரை வினையாக்கும் வழக்கத்தை ஆட்சேபித்த பெரியோரும் ஆங்கிலம் பேசுவோரிடையே உண்டு. அமெரிக்க சுதந்திரப் போரின் நாயகர்களுள் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின், 1789 டிசம்பர் 26-ஆம் தேதி, மரணம் நான்கு மாத தூரத்தில் நின்ற நிலையில், பிற்காலத்தில் அகராதியால் புகழ்பெற்ற நோவா வெப்ஸ்டருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தாம் பிரான்ஸ் தேசத்தில் தூதராயிருந்த காலத்தில் தாய்நாட்டுச் சபைகளின் பேச்சில் சில புதுமைகள் நுழைந்துவிட்டதாகவும், 'நோட்டீஸ்', 'அட்வகேட்', 'புராக்ரெஸ்' என்ற பெயர்களை வினைகளாக்கியிருப்பது தமக்கு உவப்பாக இல்லையென்றும், வெப்ஸ்டரும் அவ்வாறே கருதினால் தம் அதிகாரத்தைக் கொண்டு அவற்றைக் கண்டிக்க வேண்டுமென்றும் அவர் கேட்டுக்கொண்டார். மின்னலின் இயல்பை ஆராய்ந்தறிந்த அந்த மேதையின் ஆட்சேபம் ஒன்றும் பலிக்கவில்லை. கவனித்தல், பரிந்து வாதாடுதல், முன்னேறுதல் என்ற பொருள்களில் அம்மூன்று வினைகளையும் இன்று ஆங்கிலம் அறிந்த எவரும் ஐயமின்றி வழங்குகிறார்கள். அதிலும், 'புராக்ரெஸ்' புதுமையே அன்று: எலிசபெத் அரசியார் காலத்திலும் அதை அடுத்தும் இங்கிலாந்தில் வினையாக வழங்கிப் பிறகு அங்கே வழக்கொழிந்த அச்சொல், அமெரிக்காவில் உயிர் பிழைத்திருந்து மறுபடியும் தலைகாட்டியது.

அநேகமாக எல்லா ஆட்சேபங்களுக்கும் இந்தக் கதிதான் நேர்கிறது. 'இம்பாக்ட்' என்ற பெயரை வினையாக்கிப் பாஷையைக் கெடுக்கிறார்கள் என்று இன்றைய ஆங்கிலப் பத்திரிகைகளில் கோபத்தோடு எழுதுகிறவர்கள், அந்தச் சொல் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வினையாகத் தோன்றியதையும், பெயர்ப் பிரயோகமே அதற்குப் பல தலைமுறைகள் பிந்தியது என்பதையும் அறியார்கள். ஃபேஸ்புக் வந்தபின் 'ஃபிரெண்ட்' என்பது வினையாயிற்று என்று எண்ணுவோர் பலர். நண்பனாக்கிக் கொள்ளுதல் என்ற பொருளில் அது இடைக்கால ஆங்கிலத்திலேயே வினையாய் நின்றது. ஷேக்ஸ்பியரோ இந்தச் சுதந்திரத்தை அள்ளி அள்ளிச் செலவிட்டவர். இரண்டாம் ரிச்சர்டு நாடகத்தில் தந்தையின் தம்பியைக் குறிக்கும் முறைப்பெயரையே வினையாக்குகிறார். அந்தோணியும் கிளியோபாத்ராவும் நாடகத்தில், சிறுவர்கள் பெண்வேடம் புனைந்து தன்னை மேடையில் நடித்துக் காட்டுவார்களே என்று அந்த அரசி வருந்தும் இடத்தில், பையனைக் குறிக்கும் சொல் ஒரே எட்டில் வினையாகி அவளுடைய அவமானம் முழுவதையும் தாங்குகிறது. ஷேக்ஸ்பியர் இலக்கணம் ஒன்றை 1869-இல் வெளியிட்ட ஆசிரியர் ஆபட், அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ஏறக்குறைய எந்த வகைச் சொல்லும் வேறெந்த வகையாகவும் நிற்கக்கூடும் என்று எழுதியதற்கு இவையெல்லாம் ஆதாரம்.

இந்த மாற்றத்தின் நயம் பெயரும் வினையும் ஒரே வடிவாயிருப்பதோடு முடிந்துவிடுவதில்லை. பெயர் வினையாகும்போது எந்தச் செயல் அதனின்று பிறக்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. உடலுறுப்புகளை எடுத்துக்கொள்வோம். 'ஹெட்' என்ற தலை வினையாகும்போது தலைமை தாங்குதல். 'ஐ' என்ற கண் வினையாகும்போது, வெறுமனே பார்த்தலாக அன்றி, ஆசையோடோ சந்தேகத்தோடோ நோட்டமிடுதல். 'ஷோல்டர்' என்ற தோள் பொறுப்பை ஏற்றல். 'எல்போ' என்ற முழங்கை கூட்டத்தில் இடித்து வழியுண்டாக்கல். 'பேக்' என்ற முதுகு ஒருவனை ஆதரித்தல். 'ஃபேஸ்' என்ற முகம் எதிர்கொள்ளுதல். 'தம்ப்' என்ற கட்டைவிரல் புத்தகத்தின் தாள்களைப் புரட்டுதல். 'ஸ்டமக்' என்ற வயிறு, பெரும்பாலும் எதிர்மறையோடு சேர்ந்து, சகித்தல். நாமும் தோள் கொடுக்கிறோம், கை கொடுக்கிறோம், முகம் கொடுத்துப் பேசுகிறோம், ஒரு பொருளின்மீது கண் வைக்கிறோம். கற்பனை இரு பாஷைகளுக்கும் பொதுவே. ஆனால் தமிழில் உறுப்பின் பெயருக்குப் பக்கத்தில் 'கொடு' என்றும் 'வை' என்றும் ஒரு வினை வந்து அதைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் உறுப்பே எழுந்து நடக்கிறது.

இதனினும் வியப்பானது, ஒரே பெயரிலிருந்து ஒன்றுக்கொன்று எதிரான செயல்கள் பிறப்பது. தூசியைக் குறிக்கும் 'டஸ்ட்', வீட்டில் மேஜை நாற்காலியைப் பற்றிப் பேசும்போது தூசியைத் துடைத்து அகற்றலையும், வயலுக்கு மேலே பறக்கும் சிறு விமானத்தைப் பற்றிப் பேசும்போது பயிரின்மீது மருந்துப் பொடி தூவுதலையும் குறிக்கிறது. 'சீட்' என்ற விதை, நிலத்தைச் சொல்லுமிடத்தில் விதைத்தல். திராட்சையைச் சொல்லுமிடத்தில் விதையை நீக்குதல். 'ஸ்டோன்' என்ற கல், பழத்துக்கானால் கொட்டையெடுத்தல், மனிதனுக்கானால் கல்லெறிந்து தண்டித்தல். இவற்றை வேறுபடுத்தும் அடையாளம் சொல்லில் இல்லை, இலக்கண விதியிலும் இல்லை. மேஜைக்குத் தூசி வேண்டாதது, பயிருக்கு மருந்து வேண்டுவது என்ற உலக ஞானமே கேட்பவனுக்குத் துணை செய்கிறது. ஈவ் கிளார்க், ஹெர்பர்ட் கிளார்க் என்ற அமெரிக்க அறிஞர் தம்பதியர் 1979-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், பெயரினின்று பிறந்த 1,300-க்கும் மேற்பட்ட ஆங்கில வினைகளைத் திரட்டி, பேசுபவனும் கேட்பவனும் பொதுவாக அறிந்த செய்திகளின்மேல்தான் இவ்வினைகளின் பொருள் நிற்கிறது என்று விளக்கியிருக்கிறார்கள்.

சுதந்திரம் என்றதும் வரம்பில்லை என்று யாரும் எண்ணவேண்டாம். ஒரு பொருளுக்கு ஏற்கெனவே நிலைபெற்ற வினை இருக்குமானால், புதிய பெயர் அந்த இடத்துக்குள் எளிதில் நுழைவதில்லை. இதையும் அந்தத் தம்பதியர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். திருடுதலுக்கு வினை இருப்பதால் திருடனைக் குறிக்கும் பெயர் வினையாகவில்லை. மருத்துவமனையில் சேர்த்தலுக்கு விகுதி பெற்ற வினை ஒன்று உண்டாகிவிட்டபடியால் 'ஹாஸ்பிடல்' என்பது அந்தப் பொருளில் தனியே வினையாக நிற்பதில்லை. 'ஹாப்பினஸ்' போலப் பண்பைப் பெயராக்கும் விகுதி ஏற்ற சொற்கள் மறுபடி வேறு வகைக்குச் செல்ல மறுக்கின்றன; ஆனால் 'கொஸ்சன்', 'பொசிஷன்', 'பெட்டிஷன்' போன்ற லத்தீன் வழிச் சொற்கள் நீண்ட விகுதியோடும் தாராளமாய் வினையாகின்றன. வர்த்தக ஸ்தாபனங்களோ தங்கள் பெயர் வினையாவதைக் கண்டு அஞ்சுகின்றன: தங்கள் பெயரை நகலெடுத்தலுக்குப் பொதுவினையாக வழங்காதீர்கள் என்று ஜெராக்ஸ் கம்பெனியார் விளம்பரமே செய்தார்கள். வணிகச் சின்னத்தின் சட்ட உரிமை போய்விடும் என்ற பயம் அது. 'கூகுள்' 2006-இல் ஆங்கிலத்தின் பெரிய அகராதிகளில் வினையாகவே இடம் பெற்றுவிட்டது.

வகை மாறும் இந்தச் சொற்கள் மொழியின் ஓரத்தில் ஒதுங்கி நிற்பவை என்று கருதுவோருக்கு ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில், 1961-இல் அச்சான பலதரப்பட்ட எழுத்துகளிலிருந்து பத்து லட்சம் சொற்கள் கொண்ட தொகுதி ஒன்றைத் திரட்டினார்கள். ஒவ்வொரு சொல்லும் எந்த வகை என்று இயந்திரத்தைக் கொண்டு குறிக்கும் முயற்சியைப் பற்றி 1988-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, அத்தொகுதியில் வரும் வெவ்வேறு சொற்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைக்கு உரியவை 11.5 சதவீதமே; ஆனால் அந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கணக்கிட்டால், ஓடுகிற உரைநடையில் 40 சதவீதத்துக்கு மேல் அவையே நிரம்பியிருக்கின்றன. வகை மாறும் சொற்கள் எண்ணிக்கையில் சிறுபான்மை, வழக்கில் ஆட்சி செலுத்துபவை. ஆகவே, அபூர்வமான நீண்ட சொற்களை உருப்போட்டு வைத்திருக்கும் மாணவன், குடியானவன் முதல் மந்திரி வரை எவரும் பேசும் சின்னஞ்சிறு சொற்களில் இடறி விழுகிறான்.

தமிழ் இலக்கணம் பயின்ற நமக்கு இந்த நிகழ்ச்சி முற்றிலும் அந்நியமன்று. அடி, உதை, குத்து, வெட்டு ஆகிய வினைப்பகுதிகள் விகுதி ஏதும் பெறாமலே 'அடி விழுந்தது', 'வெட்டு ஆழமானது' என்று பெயராக நிற்பதைப் பார்த்து நம் இலக்கண ஆசிரியர்கள் முதனிலைத் தொழிற்பெயர் என்று பெயரிட்டார்கள். கெடு என்பது கேடு என்றும், பெறு என்பது பேறு என்றும் நீண்டு பெயராவதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்றார்கள். பூ, முளை, தளிர் போன்ற சொற்களில் பெயர் முந்தியதா வினை முந்தியதா என்று பிரிப்பதே கடினம். எனினும் நம் பாஷையில் அந்த ஒற்றுமை பகுதியோடு நின்றுவிடுகிறது: 'பூவை' என்று உருபு ஏற்றவுடனும் 'பூத்தது' என்று காலம் காட்டியவுடனும் ஐயம் அகன்றுவிடுகிறது. வெளியிலிருந்து வரும் சொற்களிடம் தமிழ் இன்னும் கண்டிப்பாக நடந்துகொள்கிறது. யோசனையிலிருந்து யோசி, தியானத்திலிருந்து தியானி என்று வடசொற்களுக்கு ஓர் இகரத்தைச் சேர்த்து வினையாக்கி ஏற்றுக்கொண்ட தமிழ், ஆங்கிலச் சொற்களுக்கு அந்த உரிமையைத் தரவில்லை. 'புக்' ஆகட்டும், 'சேஞ்ச்' ஆகட்டும், 'ஃபோன்' ஆகட்டும், ஆங்கிலத்தில் அது வினையா பெயரா என்று விசாரிக்காமலே 'பண்ணு' என்ற துணையோடுதான் உள்ளே விடுகிறது. இது நம் பேச்சின் ஒழுங்கு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் விகுதியைக் கண்டு வகையை அறிந்து பழகிய செவியோடு ஆங்கிலத்துக்குள் செல்லும் தமிழ்ப் பிள்ளைக்கு, அங்கே விகுதியைத் தேடாதே, இடத்தைப் பார் என்று முதல் நாளே சொல்லியாக வேண்டும்.

அதைத்தான் நாம் சொல்வதில்லை. நம் வகுப்பறைகளில் ஆங்கிலத்துக்குச் சொல்லித்தரும் எட்டு வகைச் சொற்கள் என்னும் பாகுபாடு கிரேக்க பாஷைக்காக வகுக்கப்பட்டு, டொனாட்டஸ் முதலிய லத்தீன் ஆசிரியர்கள் கையில் வளர்ந்தது; அவ்விரு பாஷைகளும் விகுதி வளம் நிறைந்தவையாதலால், சொல்லைத் தனியே பார்த்தாலும் வகை பெரும்பாலும் தெரிந்துவிடும். 1586-இல் முதல் ஆங்கில இலக்கணத்தை அச்சிட்ட வில்லியம் புல்லோகர், இங்கிலாந்தின் பள்ளிகளில் வழங்கிவந்த லில்லியின் லத்தீன் இலக்கணத்தையே மாதிரியாகக் கொண்டார். ஒருவர் உடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை மற்றொருவருக்கு அணிவித்தது போலாயிற்று அது. நம் நாட்டில் பல தலைமுறைகள் பயின்ற ரென்-மார்ட்டின் இலக்கண நூலுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும்: வாக்கியத்தில் பார்த்தாலன்றி ஒரு சொல்லின் வகையைக் கூற இயலாது என்ற எச்சரிக்கை அதில் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் ஒரே சொல் பல வகையாக வருவதை விரித்துக் காட்டும் அத்தியாயம் நெடுந்தூரம் தள்ளி வருகிறது. அதற்குள் வகுப்பறையில் பட்டியல்கள் மனப்பாடமாகிவிடுகின்றன. 'ரன்' என்றால் வினை, 'வாட்டர்' என்றால் பெயர், 'டவுன்' என்றால் அடை என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினான் என்ற பொருளில் 'வாட்டர்' வினையாய் வரும் வாக்கியத்தைப் பாடத்தில் கண்டவுடன் தயங்கி நிற்கிறார்கள். கிரிக்கெட் ஆட்டத்தில் 'ரன்' என்பதை நாள் முழுவதும் பெயராகவே வழங்கும் பிள்ளைகளே, பரீட்சையில் அது வினை என்று எழுதுகிறார்கள்.

வேறு வழி இல்லையா என்றால், உண்டு. சார்லஸ் ஃபிரீஸ் என்ற அமெரிக்க ஆசிரியர், ஏறக்குறைய 50 மணி நேரத்துத் தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்து, அவற்றில் அடங்கிய சுமார் இரண்டரை லட்சம் சொற்களை ஆராய்ந்து, 1952-இல் ஆங்கிலத்தின் அமைப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் பழைய வகைகளின் பெயர்களையே அவர் கைவிட்டார். சில எளிய வாக்கியங்களைச் சட்டங்களாக நிறுத்தி, இந்தக் காலி இடத்தில் எந்தச் சொற்கள் வந்து பொருந்துகின்றனவோ அவை முதல் வகை, அந்தக் காலி இடத்தில் பொருந்துபவை இரண்டாம் வகை என்று நான்கு பெரும் வகைகளை வகுத்து, இணைக்கும் தொழில் செய்யும் சிறு சொற்களைப் பதினைந்து தனிக் குழுக்களாக்கினார். அவருடைய எண்களையும் குழுக்களையும் நம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த முறையிலுள்ள உண்மையைத்தான் நம் ஆசிரியர்கள் கைக்கொள்ள வேண்டும். காலி இடத்தைக் காட்டி, அதில் நிற்பது எந்தத் தொழிலைச் செய்கிறது என்று கேட்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கக்கூடியது. 'தி' என்ற சொல்லுக்குப் பின்னே நின்றால் பெயராகவோ பெயரின் அடைமொழியாகவோ இருக்கும், 'டு' என்பதற்குப் பின்னே நின்றால் பெரும்பாலும் வினையாகவோ பெயராகவோ இருக்கும், அடுத்த சொல்லையும் பார்த்துத் தீர்மானி என்று கற்ற பிள்ளை, தான் முன்பின் அறியாத சொல்லின் வகையையும் தானே கண்டுபிடித்துவிடும்.

இன்னொரு காரியமும் நியாயத்தை வேண்டி நிற்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், நம்மவர் சிலர் வாயிலும், விளக்கை அணைப்பதற்கு 'ஆஃப்' என்பதையே வினையாக்கிச் சொல்லும் ஆங்கில வழக்கு இருக்கிறது. அதைக் கேட்டவுடன் பிழை என்று கடிந்துகொள்கிறோம். கோப்பையிலுள்ளதை ஒரே மூச்சில் குடித்தலுக்கு 'டவுன்' என்பதையும், விலையை உயர்த்துதலுக்கு 'அப்' என்பதையும் லண்டனிலும் நியூயார்க்கிலும் வினையாக வழங்கினால் அது பாஷையின் லாவகம் எனப்படுகிறது. மூன்றும் ஒரே வாசல் வழியாக வந்தவை. உத்தியோகப் பரீட்சையில் மாணவன் எதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்று அவனுக்குச் சொல்வது ஆசிரியரின் கடமையே. அதற்காக, ஆங்கிலத்தின் ஜீவசக்தியாகிய அதே முறையைத்தான் கோலாலம்பூர்க் கடைத்தெருவின் மனிதரும் பின்பற்றுகிறார் என்பதை மறைப்பது நேர்மையாகாது. இந்த வழக்கு இன்ன இடத்தில் ஏற்கப்படும், இன்ன இடத்தில் ஏற்கப்படாது என்று சொல்லிக் கொடுத்தால் போதும். அவருக்குப் பாஷை தெரியாது என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

வகுப்பறையில் வேண்டிய இந்தத் திருத்தத்தைக் கேள்வித்தாளில் தொடங்கினால் மற்றவை தாமே பின்தொடரும். தனிச்சொல்லை நிறுத்தி அதன் வகையைக் கேட்கும் வினாவை அடியோடு நீக்கிவிட்டு, 'பேக்' என்ற ஒரே சொல் முதுகாகவும், பின்கதவின் அடைமொழியாகவும், திரும்பி வருதலைக் காட்டும் அடையாகவும், நண்பனை ஆதரிக்கும் வினையாகவும் வரும் நான்கு வாக்கியங்களை அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் அது செய்யும் தொழிலைத் தமிழில் எழுதும்படி கேட்கலாம். ஐந்தாம் வகுப்பிலேயே கேட்கலாம்.